டெக்சாஸில் வேட்டைக் குத்தகை: நான்கு வழிகள், கொடுக்கும் பணத்துக்கு எதில் என்ன கிடைக்கிறது

டெக்சாஸ் நிலத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு தனியார் கையில் இருக்கிறது. கொலராடோவிலோ மொன்டானாவிலோ இருப்பவர் உரிமம் எடுத்துக்கொண்டு தேசிய வனத்துக்குள் போய்விடலாம். ஹூஸ்டன், டாலஸ், ஆஸ்டின்காரர்களுக்கு அந்த வசதி மிகக் குறைவு. வெள்ளைவால் மான்கள் 50 லட்சத்துக்கு மேல் உள்ள மாநிலம் இது, அமெரிக்காவிலேயே அதிகம். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை மேய்வது யாரோ ஒருவருடைய வேலிக்குள். அதனால் இங்கே வேட்டை என்றாலே குத்தகைதான். அந்தக் குத்தகைக்கு ஒரு சந்தையும், அதற்குத் தரகர்களும் விளம்பரங்களும், ஏமாற்றுகளும்கூட உண்டு.

அரசின் 48 டாலர் அனுமதி, இணையத்தில் நாள்கணக்கு முன்பதிவு, தரகு நிறுவனம் வழியாக ஆண்டுக் குத்தகை, நில உரிமையாளரிடம் நேராக எடுக்கும் குத்தகை என நான்கு வழிகள் இருக்கின்றன. எல்லா விளம்பரமும் ஏக்கர் எண்ணிக்கையைத்தான் பெரிய எழுத்தில் போடும். நீங்கள் பார்க்க வேண்டியது வேறு: அந்த ஏக்கரில் உங்களோடு இன்னும் எத்தனை துப்பாக்கிகள், அதாவது வேட்டைக்காரர்கள், இருக்கும், எந்தெந்த விலங்கை எடுக்கலாம், எந்தெந்த நாளில் நுழையலாம், இவையெல்லாம் தாளில் இருக்கிறதா. தாளில் இல்லாத 1,000 ஏக்கரைவிட, எழுதிக் கையெழுத்திட்ட 200 ஏக்கர் மேல்.

முதல் பருவத்தில் இருப்பவருக்கு என் பரிந்துரை அரசு அனுமதியும் ஓரிரு நாள் குத்தகைகளும்தான். ஆண்டுக் குத்தகையை இரண்டாவது பருவத்துக்குத் தள்ளிப்போடுங்கள்.

நிலத்துக்கு முன்னால் உரிமம்

இதைப் படிப்பவர்களில் பலர் எச்1பி, எல்1, எஃப்1, எச்4 விசாவில் இருப்பீர்கள். உங்களுக்கு இந்தப் பகுதிதான் மிக முக்கியம். குடியேற்றமல்லாத விசாவில் வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. அதற்கு உள்ள விலக்குகளில் ஒன்று, அமெரிக்க மாநிலம் ஒன்று முறையாகக் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருப்பது. சொந்தமாக வாங்கினால்தான் சிக்கல் என்று நினைக்க வேண்டாம். நண்பரின் ரைஃபிளைக் கையில் வாங்கினாலும் அது 'வைத்திருத்தல்'தான். மீறினால் கூட்டாட்சிக் குற்றம். விசா நிலையும் அதோடு போகும். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை பொருந்தாது.

இதில் இரண்டு இடங்களில் ஆட்கள் சறுக்குகிறார்கள். முதலாவது காட்டுப்பன்றி. தனியார் நிலத்தில் உரிமையாளரின் அனுமதியோடு காட்டுப்பன்றி வேட்டையாட 2019 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸில் வேட்டை உரிமமே தேவையில்லை. நாள் குத்தகை விளம்பரங்களில் "உரிமம் வேண்டாம், வந்தால் போதும்" என்று எழுதுவது அதை வைத்துத்தான். மாநிலச் சட்டப்படி அது சரி. ஆனால் விசாவில் இருப்பவருக்கு அந்த உரிமம்தான் துப்பாக்கியைத் தொடுவதற்கே ஆதாரம். பன்றிக்கு வேண்டாமென்றாலும் உங்களுக்கு வேண்டும். இரண்டாவது தேதி. டெக்சாஸ் உரிமம் எந்த மாதம் வாங்கினாலும் ஆகஸ்ட் 31-இல் முடிந்துவிடும். வீட்டில் சொந்தத் துப்பாக்கி வைத்திருப்பவர் புதிய உரிமத்தை அந்தத் தேதிக்குள் வாங்கியிருக்க வேண்டும். ஆகஸ்ட் நடுவிலேயே விற்பனை தொடங்கிவிடும். மீன்பிடி உரிமம் இதற்குச் செல்லாது.

கட்டணம்: மாநிலவாசிக்கு வேட்டை உரிமம் 25 டாலர். வில், புறா போன்ற கூடுதல் முத்திரைகளும் மீன்பிடிப்பும் சேர்ந்த 'சூப்பர் காம்போ' 68 டாலர். தொடர்ந்து ஆறு மாதம் டெக்சாஸில் வசித்தால்தான் மாநிலவாசி. இல்லையென்றால் பொது வேட்டை உரிமத்துக்கு 315 டாலர். நியூஜெர்சியிலிருந்து ஜூலையில் மாறி வந்தவர் நவம்பர் மான் பருவத்துக்கு அவசரப்பட்டால் இந்த வித்தியாசத்தைக் கட்ட வேண்டியதுதான். 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு வேட்டைக் கல்விச் சான்றும் கட்டாயம். 17 வயது நிறைந்தவர்கள் அதை முழுக்க இணையத்திலேயே முடிக்கலாம்.

48 டாலர் அனுமதி

டெக்சாஸ் பூங்கா மற்றும் வனவிலங்குத் துறை விற்கும் ஆண்டுப் பொது வேட்டை அனுமதி 48 டாலர். ஏறத்தாழ 180 இடங்கள், 10 லட்சம் ஏக்கர் அளவில். இதில் துறையின் சொந்த நிலங்களும் உண்டு. ஹூஸ்டனுக்கு வடக்கே உள்ள சாம் ஹூஸ்டன் தேசிய வனம் போன்ற கூட்டாட்சி வனங்களும் உண்டு. புறாப் பருவத்துக்காக உழவர்களிடமிருந்து துறையே குத்தகைக்கு எடுத்துத் தரும் வயல்களும் உண்டு. இந்தக் கடைசி வகையைப் பலர் கவனிப்பதில்லை. தனியார் சூரியகாந்தி வயலில் ஒரு துப்பாக்கிக்கு ஒரு நாளைக்கு 75 முதல் 150 டாலர் வரை கேட்கும்போது, செப்டம்பர் முழுவதும் இதே அனுமதியில் போகலாம். அனுமதி உள்ள பெரியவரோடு வரும் 17 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தனி அனுமதி வேண்டாம்.

இதன் குறைகள்: விலங்கை வரவழைக்க இரை போட்டு வைக்க முடியாது. ஆரஞ்சு உடை கட்டாயம். மொத்தம் 400 சதுர அங்குலம், அதில் மார்பில் 144, முதுகில் 144, தலையிலும் ஆரஞ்சு. சனிக்கிழமை காலையில் கூட்டம். சில இடங்களில் ரைஃபிளுக்கு அனுமதி இல்லை, ஷாட்கன்னோ வில்லோ மட்டும். ஒவ்வோர் இடத்துக்கும் தனி விதி என்பதால் வரைபடக் கையேட்டில் அந்தப் பக்கத்தைப் படிக்காமல் காரை எடுக்காதீர்கள்.

இதே துறை குலுக்கல் முறையிலும் வேட்டை தருகிறது. விண்ணப்பம் 3 அல்லது 10 டாலர்; பெயர் வந்தால் வேட்டையின் வகையைப் பொறுத்து 80 அல்லது 130 டாலர். மாநிலப் பூங்காக்களிலும் வனவிலங்குப் பகுதிகளிலும் ஒரு நேரத்தில் சிலரை மட்டும் விடுவார்கள். ஒரு தடவை வராவிட்டாலும் புள்ளி சேர்ந்துகொண்டே வரும். டெக்சாஸில் பணத்துக்கு இதைவிட நல்ல மான் வேட்டை எனக்குத் தெரிந்து இல்லை. ஆண்டுக்கு நாலைந்து விண்ணப்பம் போட்டு வைப்பது எல்லாருக்கும் நல்லது, ஆண்டுக் குத்தகை வைத்திருப்பவருக்கும்.

நாள்கணக்கு முன்பதிவு

மொன்டானாவில் தொடங்கிய லேண்ட்டிரஸ்ட் போன்ற தளங்கள் இந்த வகை. வரைபடத்தில் நிலத்தைப் பார்த்து, தேதி கேட்டு, உரிமையாளர் ஒப்புக்கொண்டால் பணம் கட்டுகிறீர்கள். இதன் பெரிய நன்மை, நிலத்தின் பெயரில் பணம் கேட்பவர் யார் என்ற கேள்வியைத் தளம் ஓரளவுக்குத் தாங்கிக்கொள்கிறது. பெரும்பாலும் அந்த நாளில் அந்த நிலம் உங்கள் குழுவுக்கு மட்டும்.

முன்பதிவுக்கு முன் உரிமையாளரிடம் எழுத்தில் கேட்க வேண்டியவை சில. உங்கள் தேதிக்கு முந்தைய வாரம் யார் வேட்டையாடினார்கள்? பரண் இருக்கிறதா, அதிலிருந்து ஃபீடர் (மானை வரவழைக்கச் சோளம் தூவும் கருவி) எத்தனை கெஜம்? 100 கெஜத்துக்குள் என்றால் புதியவருக்கு நல்லது. மானைத் தொங்கவிட்டுத் தோலுரிக்க இடமும் தண்ணீரும் இருக்கிறதா? இது சின்ன விஷயம் போலத் தோன்றும். நவம்பரிலும் டெக்சாஸில் பகல் வெப்பம் 80 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொடும். சுட்ட மானைச் சில மணி நேரத்துக்குள் குடல் எடுத்துக் குளிரில் வைக்காவிட்டால் கறி வீணாகிவிடும். குளிர் அறை இல்லாத இடத்துக்கு ஒரு மானுக்கு 100 குவார்ட்டுக்குக் குறையாத பனிப்பெட்டியும் 40 பவுண்டு ஐஸும் கொண்டுபோங்கள். பெட்டியின் வடிகாலைத் திறந்து வைத்து, கறி தண்ணீரில் ஊறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காட்டுப்பன்றிக்கு நாளொன்றுக்கு 150 முதல் 300 டாலர் என்பது வழக்கமான கேள்வி. தனியார் நிலத்தில் இரவிலும் பன்றி வேட்டை சட்டப்படி செல்லும் என்பதால் அந்தப் பணத்தில் இரவும் அடங்குமா என்று கேளுங்கள். வெயில் காலத்தில் பன்றி இருட்டிய பிறகுதான் நடமாடும். மாலை ஆறு மணிக்கு வெளியேறச் சொல்லும் பன்றிக் குத்தகைக்கு ஜூலையில் பணம் கொடுப்பதில் அர்த்தமில்லை.

தரகு நிறுவனங்கள்

இந்தியானாவைச் சேர்ந்த பேஸ் கேம்ப் லீசிங் இந்த வகையில் பழைய பெயர். நிறுவனம் நிலத்தைப் பார்த்து, எல்லை வரைபடம் போட்டு, ஒப்பந்தமும் விபத்துப் பொறுப்புக் காப்பீடும் சேர்த்து ஆண்டுக் குத்தகையாகக் கொடுக்கும். தாள் வேலை ஒழுங்காக இருப்பதுதான் இதன் பலம். இந்த வகை நிறுவனங்களின் பட்டியலில் இந்தியானா, ஒஹாயோ, இல்லினாய் பக்கத்துச் சின்ன நிலங்கள்தான் அதிகம். டெக்சாஸ்காரருக்குத் தேர்வு குறைவு. கிழக்கு டெக்சாஸ் பைன் காடுகளில் மர நிறுவனங்கள் தாங்களே குழுக்களுக்குக் குத்தகை விடுவதும் உண்டு. அங்கே மரம் வெட்டும் திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் பரணைச் சுற்றியுள்ள காட்டை ஜனவரியில் வெட்டினால் குத்தகைப் பணம் திரும்ப வராது, ஒப்பந்தம் அவர்களுக்கு அந்த உரிமையைக் கொடுக்கும்.

நேர்க்குத்தகை

டெக்சாஸில் பெரும்பாலான நல்ல நிலம் இப்படித்தான் கை மாறுகிறது. தேடும் காலம் ஜனவரி கடைசி முதல் மார்ச் வரை. மான் பருவம் வடக்கு மண்டலத்தில் ஜனவரி முதல் ஞாயிறும், தெற்கில் மூன்றாம் ஞாயிறும் முடிகிறது. அப்போதுதான் பழைய குழுக்கள் உடையும், ஆள் விலகும், இடம் காலியாகும். செப்டம்பரில் தேடினால் மற்றவர்கள் வேண்டாமென்று விட்டதுதான் கிடைக்கும். தீவனக் கடைகளின் அறிவிப்புப் பலகை, சிற்றூர் வணிகச் சங்கங்கள் வைத்திருக்கும் நில உரிமையாளர் பட்டியல், மான் கறி வெட்டித்தரும் கடைகள் ஆகியவை இணையத்தைவிட நல்ல வழி. கறிக்கடைக்காரருக்கு எந்தப் பண்ணையிலிருந்து எந்த அளவு மான் வருகிறது என்பது தெரியும்.

விலை இடத்தைப் பொறுத்தது. கெர்வில், லானோ, மேசன் பக்கத்து மலைநாட்டில் ஏக்கருக்கு ஆண்டுக்கு 10 முதல் 20 டாலர் வரை கேட்பது சாதாரணம். தெற்கு டெக்சாஸ் புதர்க்காட்டில் 15 முதல் 25, நல்ல கொம்புக்குப் பேர்போன பண்ணைகளில் அதற்கும் மேல். அங்கே காடு முழுக்க நம் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவான மெஸ்கீட்தான். நடந்து பார்க்கப் போகிறவர் தடித்த காலணியோடு போக வேண்டும்.

விளம்பரம் இரண்டு விதமாக வரும்: ஏக்கருக்கு இவ்வளவு, அல்லது 'ஒரு துப்பாக்கிக்கு' இவ்வளவு. இரண்டையும் ஒரே கணக்குக்குக் கொண்டுவந்து ஒப்பிடுங்கள். 600 ஏக்கர், ஏக்கருக்கு 14 டாலர் என்றால் மொத்தம் 8,400. ஆறு பேர் என்றால் ஆளுக்கு 1,400 டாலர், 100 ஏக்கர். எட்டுப் பேரைச் சேர்த்தால் 1,050 டாலராகக் குறையும், ஆனால் ஆளுக்கு 75 ஏக்கர்தான். மலைநாட்டில் ஒரு துப்பாக்கிக்கு 100 ஏக்கருக்குக் கீழே போகக் கூடாது. தெற்கில் 200 இருந்தால்தான் பரவாயில்லை. கூட்டம் சேர்த்துப் பங்கைக் குறைக்கும் குழு இரண்டாம் வாரத்துக்குள் மானை இரவு நடமாட்டத்துக்குத் தள்ளிவிடும். பிறகு ஜனவரி வரை ஃபீடரில் போடும் சோளமெல்லாம் பன்றிக்கும் ரக்கூனுக்கும்தான்.

பணம் கொடுப்பதற்கு முன்: அந்த மாவட்டத்தின் (கவுண்டி) சொத்து மதிப்பீட்டு அலுவலக இணையதளத்தில் நிலத்தின் உரிமையாளர் பெயரை இலவசமாகப் பார்க்கலாம். மாநிலத்தின் 254 மாவட்டங்களுக்கும் இது உண்டு. ஆன்எக்ஸ் போன்ற வரைபடச் செயலிகளும் எல்லையோடு பெயரைக் காட்டும். அந்தப் பெயரும், உங்களோடு பேசுபவரின் பெயரும், காசோலை வாங்குபவரின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். நிலம் ஒரு நிறுவனத்தின் பேரில் இருந்தால் அதில் கையெழுத்திடும் அதிகாரம் இவருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். வேறொருவர் நிலத்தின் படத்தைப் போட்டு, "இன்றைக்குள் 500 டாலர் ஸெல்லில் (Zelle) அனுப்பினால் இடம் உங்களுக்கு" என்று கேட்பதுதான் இந்தச் சந்தையின் வழக்கமான மோசடி. நிலத்தில் கால் வைக்காமல் ஒரு டாலர்கூட அனுப்பாதீர்கள்.

உள்குத்தகை இன்னொரு பொறி. ஒருவர் மொத்தப் பண்ணையை எடுத்துத் துப்பாக்கிக்கு இவ்வளவு என்று பிரித்து விற்பார். டெக்சாஸ் சட்டப்படி உரிமையாளரின் ஒப்புதல் இல்லாமல் குத்தகைதாரர் உள்குத்தகை விட முடியாது. மூலக் குத்தகையைக் காட்டச் சொல்லி, உரிமையாளருக்கே ஒரு தொலைபேசி அழைப்புப் போடுங்கள். காட்ட மறுப்பவரோடு பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

பணம் வாங்கி வேட்டைக்கு நிலம் விடும் உரிமையாளரும் மாநிலத்திடம் வேட்டைக் குத்தகை உரிமம் எடுக்க வேண்டும். 500 ஏக்கருக்குக் கீழ் 79 டாலர், 1,000-க்குக் கீழ் 147, அதற்கு மேல் 252. "உங்கள் குத்தகை உரிம எண் என்ன?" என்ற கேள்விக்குத் தடுமாறுபவர் மற்றத் தாள்களிலும் அப்படித்தான் இருப்பார்.

நிலத்தைப் பகலில் நடந்து பாருங்கள், குறைந்தது மூன்று மணி நேரம். எல்லை வேலி ஓரமாக முழுச் சுற்று. பக்கத்துப் பண்ணைக்காரர்கள் வேலியை ஒட்டிப் பரண் போட்டிருந்தால் எண்ணிக்கொள்ளுங்கள். 200 ஏக்கரில் நான்கு பக்கமும் பரண் என்றால் நடுவில் 100 ஏக்கர்தான் உங்களுடையது. ஊதாநிறக் கோடு மரத்திலோ கம்பத்திலோ தெரிந்தால் அது 'அத்துமீறாதே' பலகைக்குச் சமம். 1997 முதல் டெக்சாஸ் சட்டம் அதை ஏற்கிறது: செங்குத்தாக 8 அங்குலம் நீளம், 1 அங்குல அகலம், தரையிலிருந்து 3 முதல் 5 அடி உயரத்தில். சொத்து எல்லையைத் தாண்டித் தோட்டா போனாலே குற்றம் என்பதால், பரணிலிருந்து வேலிக்கு எவ்வளவு தூரம், எந்தத் திசை என்பதை அங்கேயே நின்று தீர்மானியுங்கள்.

செடியைப் பாருங்கள். தரையிலிருந்து நான்கு அடி வரை மரங்களில் இலையே இல்லாமல், கத்தரித்தது போல ஒரே மட்டமாகத் தெரிந்தால் மான் அளவுக்கு மிஞ்சிப் போய்விட்டது. மான் நிறையத் தெரியும், ஆனால் உடல் சிறுத்து, கொம்பு மெலிந்திருக்கும். கறிக்காகப் போகிறவருக்கு அது பரவாயில்லை. கொம்பை எதிர்பார்த்து அதிகப் பணம் கொடுப்பவர் ஏமாந்துபோவார். ஓக் மரங்கள், ஓடையோ குட்டையோ, மண்சாலை மழையில் எப்படி ஆகும் என்பதையும் பாருங்கள். கடந்த மூன்று ஆண்டில் எடுத்த மான்களின் பதிவேட்டைக் கேளுங்கள். கொம்புப் படங்கள் மட்டும் காட்டி வயதும் எடையும் எழுதாத உரிமையாளர் நிலத்தைக் கவனிக்காதவர்.

மாநிலத்தின் மேலாண்மை நில மான் திட்டத்தில் (Managed Lands Deer Program) சேர்ந்த பண்ணை என்றால் அதன் பருவம் நீளும், பிப்ரவரி கடைசி வரை போகலாம். ஆனால் அங்கே உங்கள் உரிமத்தில் உள்ள, சுட்ட மானில் கட்ட வேண்டிய சீட்டு செல்லாது. துறை பண்ணைக்குக் கொடுத்த சீட்டில் உங்களுக்கு எத்தனை என்பதுதான் கணக்கு. ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று ஒப்பந்தத்தில் எண்ணோடு எழுதச் சொல்லுங்கள்.

ஒப்பந்தம்

ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை எழுத்தில் இருந்தால்தான் செல்லும். ஓராண்டுக்கும் எழுத்து இருக்கட்டும். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் வேளாண் விரிவாக்கப் பிரிவு வேட்டைக் குத்தகைக்கான சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டிருக்கிறது. அதை எடுத்து வைத்துக்கொண்டு பேசினால் உரிமையாளரும் மதிப்பார்.

சண்டை வருவது பெரும்பாலும் சில இடங்களில்தான். விருந்தினர்: மனைவி, மகன் கூட வந்து உட்கார்ந்தால் அவரும் ஒரு துப்பாக்கியா? சுடாமல் கூட இருப்பவரைப் பற்றித் தனி வரி வேண்டும். அபராதம்: கொம்பு விதி உள்ள மாவட்டங்களில் மாநிலச் சட்டமே கொம்புகளுக்கு இடையிலான உள்விரிவு குறைந்தது 13 அங்குலம் என்று வைத்திருக்கிறது. மான் காதை விறைத்து நிற்கும்போது காது நுனிக்குக் காது நுனி ஏறத்தாழ அந்த அகலம்தான். பல உரிமையாளர்கள் அதைவிடக் கடுமையாக மானின் வயதோ கொம்பு முனைகளின் எண்ணிக்கையோ கேட்டு, மீறினால் சில நூறு டாலர் போடுவார்கள். காயம்பட்டுத் தப்பிய மானும் கணக்கில் சேருமா என்பதை எழுதிக்கொள்ளுங்கள், பெரும்பாலும் சேரும். நிலம் விற்பனை: பருவத்தின் நடுவில் பண்ணை விற்கப்பட்டால் மீதிப் பணம் திரும்புமா? மாடுகள்: யார் மாட்டை எப்போது எந்தப் பகுதிக்கு மாற்றுவார்கள்? ஃபீடரை மாடு ஒரே நாளில் காலி செய்துவிடும்.

பணம் கட்டுவது பொதுவாகப் பாதி கையெழுத்தின்போது, மீதி செப்டம்பர் 1-க்குள். குழுவாக எடுக்கும்போது ஒருவர் விலகினால் அவர் பங்கை மற்றவர்கள்தான் தாங்க வேண்டியிருக்கும். ஆகவே குழுவுக்குள்ளும் ஒரு பக்கத் தாள் எழுதி, மார்ச் மாதமே எல்லார் பங்கையும் வாங்கி வைத்துவிடுங்கள். தமிழ் நண்பர் குழுக்களில் கூச்சத்தினால் இதைச் செய்யாமல் விடுவதுதான் நட்பைக் கெடுக்கிறது.

காப்பீடு: உரிமையாளரும் சேர்க்கப்பட்ட 10 லட்சம் டாலர் பொறுப்புக் காப்பீடு கேட்பது வழக்கம். அமெரிக்க வேட்டைக் குத்தகைச் சங்கம் போன்றவை இதை விற்கின்றன. குழுவாகப் பிரித்துக்கொண்டால் ஆளுக்குப் பெரிய தொகை வராது. உரிமையாளர் கேட்காவிட்டாலும் எடுங்கள்.

குத்தகைக்கு மேல் வரும் செலவு

மூன்று கால் ஃபீடர், 55 காலன் பீப்பாய், ஏறத்தாழ 300 பவுண்டு சோளம் பிடிக்கும். நாளொன்றுக்கு 5 பவுண்டு என்று டைமரை வைத்தால் செப்டம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை 600 பவுண்டு, அதாவது 50 பவுண்டுப் பை 12. பை ஒன்று 10 டாலர் என்று வைத்தால் ஒரு ஃபீடருக்கு 120 டாலர். அது பெரிய செலவில்லை. பெரிய செலவு, சுற்றி வேலி போடாத ஃபீடரைப் பன்றி சாய்த்துப் போடுவது. 34 அங்குல உயரம், 16 அடி நீளக் கம்பித் தட்டிகளை எட்டு வாங்கி, இரும்புக் கம்பம் அடித்து வட்டமாகக் கட்டினால் மான் தாண்டும், பன்றி தாண்டாது. சுழலும் தட்டைச் சுற்றிக் கம்பிக்கூண்டு போடாவிட்டால் ரக்கூன் கையை விட்டுச் சுழற்றி இரவிலேயே காலி செய்யும். மூடி இறுக்கமில்லாமல் ஈரம் இறங்கினால் சோளம் கட்டியாகி அடைத்துக்கொள்ளும். பூஞ்சை பிடித்த சோளம் பறவைகளுக்கும் கேடு, எடுத்துக் கொட்டிவிட வேண்டும். புறா வேட்டைக்கு மட்டும் இரை தூவுவது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். மான் ஃபீடர் பக்கத்தில் உட்கார்ந்து புறா சுடாதீர்கள்.

புள்ளிமானும் வெளிமானும்

மலைநாட்டுக் குத்தகையில் தமிழர்களுக்கு ஆச்சரியம் தருவது இது. புள்ளிமான் 1932-இல் டெக்சாஸுக்குக் கொண்டுவரப்பட்டு இன்று வேலிக்கு வெளியே தானாகப் பெருகித் திரிகிறது. கோடியக்கரையில் 1967-இல் சரணாலயம் அமைத்துக் காப்பாற்றிவரும் வெளிமானும் இங்கே பண்ணைகளில் உண்டு. தெற்கே கிங் ரான்ச் என்ற பெரும் பண்ணைப் பக்கம் நீலகாய். இந்தியாவில் 1972 சட்டத்தின் கீழ் வேட்டைக்குத் தடைசெய்யப்பட்ட இவை டெக்சாஸில் அயல் விலங்குகள். மாநிலம் பருவமோ எண்ணிக்கை வரம்போ வைக்கவில்லை. வேட்டை உரிமமும் உரிமையாளர் ஒப்புதலும் போதும். புள்ளிமான் கறி வெள்ளைவாலைவிடச் சுவையானது என்பது என் துணிபு. இங்கே அவை உள்ளூர் மானின் தீவனத்தைத் தின்றுவிடுகின்றன என்பதால் எண்ணிக்கையைக் குறைப்பது நிலத்துக்கும் நல்லது.

இதனால்தான் குத்தகைக் காலம் முக்கியமாகிறது. நவம்பர் முதல் ஜனவரி வரை மட்டும் என்ற பருவக் குத்தகையைவிட, முழு ஆண்டுக் குத்தகைக்கு 20, 30 விழுக்காடு கூடக் கேட்டாலும் கொடுக்கலாம். புள்ளிமான், பன்றி, செப்டம்பரில் புறா, வசந்தத்தில் வான்கோழி எல்லாம் அதில் வரும். ஆனால் 'அயல் விலங்குகள் தனி' என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். பல உரிமையாளர்கள் வெள்ளைவாலை மட்டும் குத்தகையில் கொடுத்து, ஆண் புள்ளிமானுக்குத் தனியாக ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். பெண் புள்ளிமானையாவது குத்தகைக்குள் சேர்த்துக் கேளுங்கள். பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள், அவர்களுக்கும் எண்ணிக்கை குறைய வேண்டும்.

கடைசியாகப் பார்க்க வேண்டியது புதுப்பிக்கும் வரி. அடுத்த ஆண்டுக்கான முதல் உரிமை உங்களுக்கு உண்டா, எந்தத் தேதிக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும், விலை ஏறினால் எவ்வளவு வரை? புதுப்பிக்காவிட்டால் பரணையும் ஃபீடரையும் எத்தனை நாளில் எடுத்துப் போக வேண்டும் என்பதும் அதே வரியில் வர வேண்டும். 30 நாள் என்று எழுதியிருந்தால் 31-ஆம் நாள் அவை உரிமையாளருடையவை. நூற்றுக்கணக்கான டாலர் பெறும் பெட்டிப் பரணை டிரெய்லர் கிடைக்கவில்லை என்பதற்காக விட்டுவிட்டு வராமல், 60 நாள் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.